புளோக்கைச் சுற்றித் தமிழ் எழுத்துகளை எங்கே தேடுவது?

ஈசூன்வாசி:
வணக்கம். சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்து அடுக்குமாடிப் புளோக் ஒன்றில் வசிக்கிறோம். என் மகள் தொடக்கநிலை ஒன்றில், அதாவது முதல் வகுப்பில், படிக்கிறாள். பள்ளிக்கு நடக்கும் வழியில் மடக்கு ஏணியைக் கண்டால் ஆங்கிலத்து ‘ஏ’ என்கிறாள், விளக்குக் கம்பத்தைக் கண்டால் ‘டி’ என்கிறாள். தமிழ் எழுத்து எங்காவது தெரிகிறதா என்று கேட்டால், “அது புத்தகத்தில்தான் இருக்கும்மா” என்று சொல்லிவிடுகிறாள். அந்தப் பதில் என் மனத்தை வருத்துகிறது. நேற்று இருவருமாகத் தேடியதில், புளோக்குக்குப் பின்னால் ஓடும் மழைநீர் வடிகாலின் முனை ‘ப’ போலவும், மாடிப்படி ஒவ்வொன்றும் ‘ட’ போலவும் தெரிந்தன. இ, ஞ போன்ற வளைவான எழுத்துகளை எங்கே காட்டுவது?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
வடிகாலில் ‘ப’வைக் கண்டது நல்ல தொடக்கம். கட்டடத்தில் வளைவெழுத்து அகப்படாததற்குக் காரணம் உண்டு. நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணியால் கீறி எழுதினார்கள். நரம்பை ஒட்டி நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழிந்துவிடும் என்பதால் கை வளைந்து வளைந்து சென்றது, எழுத்தும் வட்டமாயிற்று என்பார்கள். அதற்கு முன்பு கல்லில் வெட்டிய தமிழ்ப் பிராமி என்ற பழைய எழுத்துமுறையில் ‘க’ வெறும் கூட்டல் குறிதான். உங்கள் சன்னலில் இரண்டு கம்பிகள் குறுக்கிடும் இடத்தைக் காட்டி, 2,000 ஆண்டுகளுக்கு முன் நம் ககரம் இப்படித்தான் இருந்தது என்று பிள்ளையிடம் சொல்லுங்கள், கண் விரியும்.

ஆகவே வளைவுக்குக் கான்கிரீட்டை விட்டுக் கொடியிடம் போங்கள். தாழ்வாரத்தில் யாரேனும் பாகல் வளர்த்தால், அதன் பற்றுச்சுருள் கம்பியைப் பிடிக்கும் இடத்தில் ஒற்றைக்கொம்பின் சுழி அப்படியே இருக்கும். முழு எழுத்தையே தேடாமல் சுழி, கொம்பு, கால் என்று உறுப்புறுப்பாகத் தேடச் சொல்லுங்கள். கீழ்த்தளத்தில் இரண்டு தூண்களும் மேலே உத்தரமும் சேர்ந்தால் துணைக்கால். ‘இ’க்கு, முறுக்குப் பிழியும்போது மாவு சுற்றி வருவதை அருகில் நின்று பார்க்கட்டும்.

தேக்காக்காரர்:
வீட்டுச் சுவரிலேயே ஓர் எழுத்து இருக்கிறது. மூன்றுகால் பிளக்கைச் செருகும் துளைகள் மேலே ஒன்று, கீழே இரண்டு: ஆய்தம்! பழைய உரையில் ஆய்தத்தை அடுப்புக்கூட்டுக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். மூன்று கல் அடுப்பை நம் பிள்ளைகள் எங்கே பார்த்தார்கள்? தூர நின்றே பார்க்க வேண்டும், விரல் வைக்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

இரு பிள்ளைகளின் தந்தை:
ஓர் எச்சரிக்கை. மாடிப்படியை மறுபக்கத்திலிருந்து பார்த்தால் ‘ட’ கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிவிடும். என் மகன் சில மாதங்கள் அப்படித் திருப்பியே எழுதினான். ஒவ்வொரு முறையும் மேலிருந்து கீழாகவும் பிறகு வலப்புறமாகவும் விரலால் காற்றில் எழுதச் செய்த பின்னரே சரியானது. கட்டுமான வேலிகளில் நான்கு மொழிகளில் ‘அபாயம்’ என்று எழுதியிருப்பதையும் காட்டுங்கள். பொருளில் கண்ட துணைக்காலை அச்சிட்ட சொல்லிலும் காண்பது பிள்ளைக்கு மிகவும் தேவை.

ஈசூன்வாசி:
அனைவருக்கும் நன்றி. ஆய்தத்தைக் காட்டியதும், சமையலறையில் இரண்டு, கூடத்தில் நான்கு என்று வீடு முழுக்க எண்ணிவிட்டாள். மாடிப்படி திரும்பித் தெரியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இன்றே காற்றில் எழுதத் தொடங்கிவிட்டோம். நான்கு வீடு தள்ளி ஒரு மலாய்ப் பாட்டி பாகல் வளர்க்கிறார். நாளை மாலை அவரிடம் கேட்டுவிட்டு, பற்றுச்சுருளைப் பார்க்கப் போகிறோம்.