முயல் வளைக்குள் போன ஃபெரெட் வெளியே வரவில்லை. லொக்கேட்டர் வாங்கலாமா?

சஃபோக்_முயல்காரன்:

வணக்கம். இங்கிலாந்தில் ஃபெரெட் (கீரி மாதிரி ஒல்லியான வளர்ப்புப் பிராணி) விட்டு முயல் பிடிப்பவர்கள் இங்கே நாலு பேராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன். எனக்கு இது இரண்டாவது குளிர்காலம்தான். பக்கத்துப் பண்ணைக்காரர், வேலியோரக் கரை முழுக்க முயல் தோண்டி வைத்திருக்கிறது, வந்து பிடித்துக்கொள் என்று அனுமதி கொடுத்திருக்கிறார். என்னிடம் இருப்பது இரண்டு பெட்டை ஃபெரெட்.

போன சனிக்கிழமை 11 வளை வாய்க்கும் சுருக்கு வலை போட்டுவிட்டு (வளைக்கு வலை என்று சொல்லிச் சொல்லி நாக்கு சுளுக்கிக்கொண்டது) சின்னதை உள்ளே விட்டேன். 5 நிமிடத்தில் ஒரு முயல் பாய்ந்து வந்து வலையில் விழுந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. தரையில் காதை வைத்துக் கேட்டால் அடியில் எங்கோ தொம் தொம் என்று இரண்டு முறை சத்தம், பிறகு அதுவும் நின்றுவிட்டது. மணி 2. டிசம்பரில் இங்கே 4 மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். கூப்பிட்டேன், வலையில் விழுந்த முயலை வளை வாயில் ஆட்டிக் காட்டினேன், பெரிய பெட்டையை அனுப்பிப் பார்க்கலாமா என்று நினைத்து, அதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து விட்டுவிட்டேன். கடைசியில் அது படுக்கும் வைக்கோலோடு பெட்டியை ஒரு வாயில் வைத்துவிட்டு, மற்ற வாய்களை மண் வைத்து அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இரவு முழுக்கத் தூக்கமில்லை. காலை 7 மணிக்குப் போனால் மகாராணி பெட்டிக்குள் சுருண்டு தூங்குகிறாள், வயிறு உப்பியிருக்கிறது, மூக்கில் காய்ந்த ரத்தம்.

இப்போது கேள்வி. லொக்கேட்டர் காலர் (மண்ணுக்கடியில் ஃபெரெட் எங்கே என்று கையில் இருக்கும் பெட்டிக்குக் காட்டும் கழுத்துப்பட்டை) வாங்கலாமா, அல்லது கழுத்தில் ஒரு மணி கட்டினால் போதுமா (நண்பர் ஒருவர் மணியே போதும் என்கிறார்)? காலர் வேரில் மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடாதா? எவ்வளவு ஆழம் வரை நம்பலாம்?

மண்வெட்டிக்கை:

தம்பி, முதலில் ஒன்று. உன் ஃபெரெட் தொலையவில்லை. உள்ளே முட்டுச் சந்தில் ஒரு முயலை மடக்கிக் கொன்று, தின்று, தூங்கியிருக்கிறது. நீ கேட்ட தொம் தொம் அந்த முயல் உதைத்த சத்தம்தான். இதை இங்கே லே அப் என்பார்கள். ஒரு நாளில் பாதிக்கு மேல் தூங்குகிற பிராணி அது, வயிறு நிறைந்த பிறகு நீ கூப்பிடுகிறாய் என்று ஏன் வரப்போகிறது? சில நேரம் கொல்லாமலே முயலின் பின்பக்கத்தைப் பிறாண்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கும். வெளியே வரும்போது நகத்தில் ரோமம் சிக்கியிருந்தால் அதுதான் கதை.

மணி என்பது புதருக்குள் ஓடும்போது கேட்க. 3 அடி மண்ணுக்குக் கீழே இருக்கிற மணி கேட்காது, அதற்குள் மண் அடைத்துக்கொண்டால் மேலேயும் கேட்காது. இந்த மின்பெட்டிகள் வருவதற்கு முன்னால் நாங்கள் என்ன செய்தோம் என்றால், பெரிய கடுவன் ஒன்றைத் தனியாக வளர்ப்போம், கழுத்தில் நீளக் கயிறு, கஜத்துக்கு ஒரு முடிச்சு. பெட்டை உள்ளே தங்கிவிட்டால் கடுவனை அனுப்புவோம். அது பெட்டையை விரட்டிவிட்டு முயலிடம் போய் நிற்கும். எத்தனை முடிச்சு உள்ளே போனது என்று எண்ணி, கயிறு போன திசையில் தோண்ட வேண்டும். வளை நேராகப் போனால் சரி. வேரைச் சுற்றி மூன்று திருப்பம் போட்டிருந்தால் அன்றைக்குப் பொழுது போச்சு. ஒரு முறை கயிறே வேரில் முடிந்துகொண்டு, முயலை விட்டுவிட்டுக் கடுவனைத் தோண்டி எடுத்தோம்.

அதனால் லொக்கேட்டர் வாங்கு. டெபன் கம்பெனியின் பழைய பெட்டி 8 அடி வரை காட்டும், அதற்குப் பின் வந்த எம்கே3 மாடல் 16 அடி வரை. வேலியோரக் கரையில் பெரும்பாலும் 2, 3 அடிக்குள்தான் தோண்டுவாய், ஆழத்தை நினைத்துக் கவலைப்படாதே. மணல் பாங்கான இடத்தில்தான் முயல் ரொம்பக் கீழே போகும்.

வாங்கினால் மட்டும் போதாது, பயன்படுத்தத் தெரிய வேண்டும். ஃபெரெட்டை உள்ளே விட்ட நிமிடத்திலிருந்து பெட்டி கையில் இருக்கட்டும், காணாமல் போன பிறகு பையில் தேடி எடுக்காதே. பழைய பெட்டி என்றால் டயலை முழுதாகத் திருப்பி, டிக் டிக் கேட்டதும் நடந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் குறை. சத்தம் மங்கி மங்கி ஒரே ஒரு சாண் இடத்தில் மட்டும் கேட்கும் வரை குறைத்தால் அதற்கு நேர் கீழே காலர். டயலில் நிற்கிற எண்தான் ஆழம். அங்கே ஒரு குச்சியை நடு. நட்டவுடன் தோண்டாதே. 10 நிமிடம் குச்சியையும் பெட்டியையும் பார். நகர்கிறது என்றால் வேலை செய்கிறது, தொந்தரவு செய்யாதே. நகரவே இல்லை என்றால் பாரையை எடு.

குச்சிக்கு நேராகக் குத்தாதே. ஒரு அடி தள்ளி ஆரம்பித்து, ஒவ்வொரு அடி இறங்கியதும் பெட்டியைக் குழிக்குள் வைத்துப் பார், எண் குறைந்துகொண்டே வர வேண்டும். கடைசி அரை அடி கையால்தான். மண் உள்வாங்கி வளை திறந்ததும் கையை விடுமுன் எது தலை எது வால் என்று பார்த்துக்கொள், இருட்டில் முயல் மேல் வெறியோடு நிற்கிற ஃபெரெட்டுக்கு உன் விரலும் முயல்தான். என் இடது கை கட்டைவிரல் சாட்சி. முடிந்ததும் குழியை மூடி மிதித்துவிட்டு வா, பண்ணைக்காரரின் மாடு அதில் கால் வைத்தால் அடுத்த வருடம் உனக்கு அனுமதி இல்லை.

வாய்ப்பூட்டு போட்டால் கொல்லாது, அதனால் தங்காது என்று சிலர் சொல்வார்கள். ரோமர் காலத்துப் புவியியல் எழுத்தாளர் ஸ்ட்ராபோவே, ஸ்பெயின் பக்கம் லிபியாவிலிருந்து கொண்டுவந்த கீரி மாதிரியான பிராணிகளுக்கு வாய்ப்பூட்டு போட்டு முயல் வளைக்குள் விட்டதை எழுதியிருக்கிறார், பழைய யோசனைதான். ஆனால் பூட்டோடு உள்ளே சிக்கிக்கொண்டால் தண்ணீர் குடிக்காது, எலி கடித்தாலும் திருப்பிக் கடிக்காது. நான் போடுவதில்லை.

ஒயர்_வாசுகி:

அண்ணா சொன்னது எல்லாம் சரி, பெட்டி ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று மட்டும் நான் சேர்க்கிறேன், மின்னணு வேலை பார்ப்பவள் என்ற உரிமையில்.

முதலில், அடுத்து யாராவது கேட்கப்போகிற கேள்விக்குப் பதில்: ஜிபிஎஸ் காலர் ஆகாது. 20,000 கிலோமீட்டர் மேலே இருக்கிற செயற்கைக்கோளின் சிக்னல் வீட்டுக்குள் வரவே திணறுகிறது, ஈர மண்ணுக்குள் இறங்காது. சாவிக்கொத்தில் மாட்டும் ப்ளூடூத் வில்லையும் அப்படித்தான், அந்த அலைவரிசையை நனைந்த மண் அப்படியே விழுங்கிவிடும். ஃபெரெட் லொக்கேட்டர் வேறு ஜாதி. காலரில் இருக்கும் சின்னக் கம்பிச்சுருள் குறைந்த அதிர்வெண்ணில் ஒரு காந்தப்புலத்தை விட்டுவிட்டு உண்டாக்குகிறது, கையில் இருக்கும் பெட்டியில் அதைப் பிடிக்க இன்னொரு சுருள். காந்தப்புலத்துக்கு மண்ணும் காற்றும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இதில் ஒரு சிக்கல். இந்தப் புலம் தூரத்தின் மும்மடிக்குக் குறையும். அதாவது ஆழம் இரண்டு மடங்கானால் சிக்னல் எட்டில் ஒரு பங்கு. அதனால்தான் 2 அடியில் கத்துகிற காலர் 6 அடியில் முனகுகிறது. பேட்டரி கொஞ்சம் இறங்கியிருந்தாலும் மேலோட்டமான இடத்தில் தெரியாது, ஆழமான இடத்தில் காலை வாரிவிடும். பொத்தான் பேட்டரி என்ன பெரிய விலையா, சந்தேகம் வந்தால் மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, சுருளுக்குத் திசை உண்டு. ஃபெரெட் சுருண்டு படுத்தால் காலர் சாய்ந்துவிடும், அப்போது மேலே ஒரே உச்சிக்குப் பதில் இரண்டு உச்சி காட்டும், நடுவில் சத்தம் விழுந்துவிடும். பெட்டியைக் கையில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், வடக்கு தெற்காக ஒரு முறை, கிழக்கு மேற்காக ஒரு முறை நடந்து இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்வேலி ஓடிக்கொண்டிருந்தால் அதன் ஒவ்வொரு துடிப்பும் டிக் என்று கேட்கும், காலர் என்று ஏமாந்துவிடாதீர்கள், பண்ணைக்காரரிடம் சொல்லி நிறுத்தி வையுங்கள். உங்கள் போனை வேனில் வைத்துவிடுங்கள். இரண்டு ஃபெரெட்டையும் காலரோடு ஒரே நேரத்தில் விட்டால் எது எங்கே என்று தெரியாமல் பைத்தியம் பிடிக்கும்.

கரிசல்_கமலா:

காலர் இறுக்குமா என்று கேட்டீர்கள் சகோ, என் அனுபவத்தில் ஆபத்து இறுக்கத்தில் இல்லை, தளர்ச்சியில்தான். ஃபெரெட்டுக்குக் கழுத்தும் தலையும் கிட்டத்தட்ட ஒரே பருமன், ஆகையால் தளர்ந்த காலர் முயல் வளையின் முதல் திருப்பத்திலேயே கழன்றுவிடும், கழலாவிட்டால் தொங்குகிற இடைவெளியில் வேர் நுழையும். வாரை மாட்டிய பிறகு சுண்டுவிரல் நுனி கஷ்டப்பட்டு நுழைய வேண்டும், அவ்வளவுதான். குளிர்காலத்தில் ரோமம் அடர்த்தியாக இருக்கும், ரோமத்தின் மேல் இறுக்கமாகத் தெரிவது கழுத்தில் இறுக்கமாக இருக்காது. முதல் தடவை மாட்டியதும் தலையை உதறிக்கொண்டு பின்னோக்கியே நடக்கும், தரையில் புரளும். வீட்டில் நாலைந்து நாள் அரை மணி நேரம் மாட்டிப் பழக்குங்கள், மறந்துவிடும்.

போன பிப்ரவரியில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெட்டி 4 அடி காட்டியது, கால் மணி நேரம் அசையவில்லை. நானும் கணவரும் மாறி மாறித் தோண்டினோம், களிமண், மழை வேறு. 4 அடியில் வளை திறந்தது, கையை விட்டால் காலர் மட்டும் கையில் வருகிறது. நிமிர்ந்து பார்க்கிறேன், உள்ளே விட்ட என் கடுவன் எங்கள் பின்னால் வேலிக்குக் கீழே உட்கார்ந்து, இவர்கள் என்ன தேடுகிறார்கள் என்பது போலக் குழியை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வாரில் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டது நான்தான், வீட்டில் இன்னும் கிண்டல் ஓயவில்லை. அதனால் அசையாத சிக்னல் என்றால் தங்கிய ஃபெரெட் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தோண்டும் முன் சுற்றுமுற்றும் ஒரு முறை பாருங்கள்.

அண்ணா சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. 10 நிமிடத்தில் பாரையை எடு என்கிறார். நான் அரை மணி நேரமாவது பார்ப்பேன், பாதி நேரம் தானாகவே வந்துவிடும். இன்னொரு விஷயம் யாரும் சொல்லவில்லை: பேட்ஜர் (முகத்தில் கறுப்பு வெள்ளைக் கோடு உள்ள, மண்ணைத் தோண்டி வாழும் பிராணி) குழி. கரையில் முயலும் பேட்ஜரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது சகஜம். 1992 பேட்ஜர் பாதுகாப்புச் சட்டப்படி அது குடியிருக்கும் குழியைத் தோண்டுவது குற்றம், என் ஃபெரெட் உள்ளே இருந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். முயல் வாய் ஒரு சாண் அகலம் இருக்கும். பேட்ஜர் வாய் அதைவிடப் பெரியது, படுத்த ஆங்கில D எழுத்து மாதிரி உயரத்தைவிட அகலம் அதிகம், வாசலில் கூடை கூடையாக மண்ணும் அது இழுத்துப்போட்ட பழைய புல்லும் கிடக்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் அந்தக் கரையில் ஃபெரெட்டை விடவே விடாதீர்கள். தெரியாமல் விட்டுப் பெட்டியில் கேட்கும் சிக்னல் அந்தப் பக்கம் போனால் தோண்டக்கூடாது, நீங்கள் செய்த மாதிரி வைக்கோல் பெட்டியை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

மண்வெட்டிக்கை:

அரை மணி நேரம் என்றால் அதுவும் சரிதான் அம்மா, எனக்குப் பொறுமை கம்மி, அதற்கான தண்டனையை முதுகு அனுபவிக்கிறது. ஆனால் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தால் காத்திருக்க முடியாது, அதனால் நான் 1 மணிக்கு மேல் புது வளையில் ஃபெரெட்டை விடுவதே இல்லை. தம்பி 2 மணிக்குத் தேடிக்கொண்டிருந்ததில் பாதித் தப்பு அங்கேதான்.

சஃபோக்_முயல்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பழைய 8 அடிப் பெட்டி ஒன்று கைமாற்றாகக் கிடைத்தது. ஃபெரெட்டுக்கு மாட்டும் முன் பழகிப் பார்க்கலாம் என்று, தோட்டத்தில் எங்காவது காலரைப் புதைத்து வை, இடத்தைச் சொல்லாதே என்று மனைவியிடம் கொடுத்தேன். முதல் தடவை நான் குச்சி நட்ட இடத்துக்கும் காலருக்கும் 2 அடி வித்தியாசம். அப்புறம்தான் பார்க்கிறேன், போன் சட்டைப் பையிலேயே இருக்கிறது. வெளியே வைத்துவிட்டுச் செய்தால் நாலாவது தடவையில் ஒரு கை அகலத்துக்குள் வந்துவிட்டேன்.

நேற்று அதே கரை. காலை 10 மணிக்கே ஆரம்பித்தோம், மூன்று முயல் வலையில். நாலாவதுக்கு அதே சின்னது உள்ளே தங்கிவிட்டது. குச்சி நட்டேன், 20 நிமிடம் பார்த்தேன் (இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கணக்கு), அசையவில்லை. வேலிக்கு அடியிலும் எட்டிப் பார்த்துக்கொண்டேன். டயலில் இரண்டரை. ஒரு அடி தள்ளிக் குழி எடுத்து, கடைசியில் கையால் மண்ணைச் சுரண்டினால் முதலில் தெரிந்தது ஃபெரெட்டின் பின்பக்கம், முயலோடு சேர்த்து முட்டுச் சந்தில் அடைத்துக்கொண்டு நின்றது, நான்கு கால் நகங்களிலும் சாம்பல் ரோமம். முதுகைத் தொட்டதும் திரும்பி ஒரு பார்வை பார்த்தது, தன் வேலையை நான் கெடுத்துவிட்ட மாதிரி.

ஒரே ஒரு சந்தேகம். வீட்டுக்கு வந்து காலரைத் திறந்தால் பேட்டரி மூடிக்குள் ஈரம். வேலை செய்கிறது, ஆனால் அடுத்த முறை?

ஒயர்_வாசுகி:

பேட்டரியை எடுத்துவிட்டு மூடியைத் திறந்தே ஒரு ராத்திரி உலர விடுங்கள். மாட்டும்போது மூடியின் மரையில் வாஸ்லின் மெல்லிசாகத் தடவி, மேலே ஒயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப் இரண்டு சுற்று. தொடர்பு முனையில் வாஸ்லின் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேட்டை இல்லாத நாளில் பேட்டரியை உள்ளே விட்டு வைக்காதீர்கள், கசிந்தால் காலரே போய்விடும்.