மெட்டு (மலைச் சாலை) இறக்கத்துல வண்டி பின்பக்கம் வழுக்குது – உதவி தேவை (அவசரம்)

முந்தல்காத்து
வணக்கம். லைசென்ஸ் வாங்கி ரொம்ப நாள் ஆகல. மெட்டு இறங்கும்போது சில வளைவுல வண்டியோட பின்பக்கம் மட்டும் தனியா வெளிய போகுது. நேத்து சாரல்ல எதுத்தாப்ல வந்த ஜீப்புக்குக் கிட்ட வரைக்கும் போயிட்டு வந்துச்சு. வேகமாவும் போகல. ஓட்டக் கத்துக்கிட்ட கார் இப்படிப் பண்ணவே இல்ல. என்ன பண்ணணும்? வெள்ளிக்கிழமை மறுபடி போகணும், சீக்கிரம் சொல்லுங்க.

ஏலத்தோட்டம்
எந்த மெட்டு? போடிமெட்டா, கம்பமெட்டா? என்ன வண்டி? ஆள் இருந்தாங்களா, காலியா?

ஒர்க்‌ஷாப் மணி
டயர். வேற ஒண்ணும் இல்ல. போய் டயரைப் பாருங்க.

சக்கரவர்த்தி
"வண்டி" என்றால் மாட்டு வண்டியும் வண்டிதான். மாடல், வருடம், டயர், சுமை, சாலை இவ்வளவும் எழுதிவிட்டுக் கேள்வி கேளுங்கள் என்று எத்தனை முறை சொல்வது? ஜோசியம் பார்க்க இங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

லோயர்கேம்ப்
பிரேக் பிடிச்சீங்களா? ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காமப் பாத்துக்கறது) உள்ள வண்டியா? 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்னா கட்டாயம் இருக்கும்.

பட்டை ஸ்பிரிங்
திரும்பும்போது பின்னாடி "டக்"னு சத்தம் வருதா? வந்தா டிஃபரன்ஷியல்தான், பின் அச்சுக்கு நடுவுல இருக்கிற கியர்பெட்டி. எங்க சித்தப்பா வண்டில அப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. ஆயில் மாத்தினது எப்பன்னு பாருங்க.

முந்தல்காத்து
போடிமெட்டு. பொலேரோ, 2014. மாமா ஓட்டின வண்டி. ஏபிஎஸ் இல்ல. டயர் நல்லாத்தான் இருக்கு. சத்தம் ஒண்ணும் வரல.

ஒர்க்‌ஷாப் மணி
நல்லாத்தான் இருக்குன்னா? நாலுமா? பட்டன், அதான் டயர் மேல இருக்கிற ரப்பர் கட்டை, எவ்வளவு மிச்சம் இருக்கு? பள்ளத்துக்கு நடுவுல சின்ன மேடு மாதிரி ரப்பர் இருக்கும். டயர் தேஞ்சு அந்த மேட்டோட சமமாயிட்டா 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம்னு அர்த்தம். அதோட கழட்டிறணும். மழைக்கு அதுவே பத்தாது.

சக்கரவர்த்தி
ஆக, பின்சக்கர இழுவை வண்டி. முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். நீங்கள் கற்றுக்கொண்டது முன்சக்கர இழுவைக் காராக இருக்கும், மாருதி 800 காலம் தொட்டுச் சின்னக் கார்கள் அநேகமாக அப்படித்தான். அதில் முன்சக்கரமே இழுக்கும், முன்சக்கரமே திருப்பும். அளவு மீறினால் மூக்கு நேராகப் போகும். பொலேரோவில் திருப்புவது முன்சக்கரம், தள்ளுவது பின்சக்கரம். ஈரத்தில் வளைவுக்குள் ஆக்சிலேட்டரை அழுத்தினால் பின்சக்கரம் பிடிமானத்தை இழந்து வால் வெளியே வீசும். நீங்கள் செய்தது அதுதான். காலை அடக்குங்கள், தம்பி.

முந்தல்காத்து
இறங்கும்போதுன்னு சொன்னேனே. ஆக்சிலேட்டர்ல காலே வைக்கல. பிரேக்கும் அப்ப மிதிக்கல. அப்புறம் தம்பி இல்ல, தங்கச்சி.

ஏலத்தோட்டம்
😂 சக்கரவர்த்தி அண்ணே, பதில் சொல்லுங்க.

பூப்பாறை ஜீப்பு
தங்கச்சி, இதை மட்டும் சொல்லுங்க. வளைவுக்குள்ள போனப்புறம் கியரைக் குறைச்சீங்களா? கிளட்சை எப்படி விட்டீங்க? வண்டில என்ன இருந்துச்சு?

முந்தல்காத்து
ஆமாண்ணே, வளைவு வந்ததும் மூணுலருந்து ரெண்டு போடுவேன். இறக்கத்துல சின்ன கியர்ல போகணும்னு சொன்னாங்கல்ல. கிளட்சை டக்குனு விட்டுருவேன், மிதிச்சே வச்சிருந்தா வண்டி ஓடுதே. மேல கேரளாப் பக்கம் சாந்தன்பாறைக்கு உர மூட்டை கொண்டு போவோம், வரும்போது காலி. டயர் இப்பத்தான் பாத்தேன், முன்னாடி ரெண்டும் புதுசு, பின்னாடி பழசு.

பூப்பாறை ஜீப்பு
அவ்வளவுதான், கிடைச்சிருச்சு.

சின்ன கியர்ல இறங்கணும்னு உங்களுக்குச் சொன்னது சரி. அதை எங்க வச்சுப் போடணும்னு சொல்லாம விட்டுட்டாங்க. ஆக்சிலேட்டரை விட்டா என்ஜின் வண்டியைப் பிடிச்சு இழுக்கும்ல, பொலேரோல அந்தப் பிடி முழுக்கப் பின்சக்கரத்துல மட்டும்தான் விழும். மூணுலருந்து ரெண்டுக்குப் போட்டு கிளட்சைப் பட்டுனு விட்டா, சக்கரம் ஓடுற வேகத்துக்கு என்ஜின் சட்டுனு ஏற முடியாது. அந்த ஒரு நொடி என்ஜின் சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கும். வளைவுக்குள்ள யாரோ ஹேண்ட் பிரேக்கைச் சுண்டி இழுத்த மாதிரி. அதே நேரத்துல வெயிட் முன்னாடி சாயும், இறக்கத்துல ஏற்கெனவே முன்னாடிதான் சாஞ்சிருக்கும். பின்னாடி காலி, ரோடு ஈரம், டயர் பழசு. வால் வீசாம என்ன பண்ணும்?

நீங்க கத்துக்கிட்ட கார்லயும் அப்படித்தான் கிளட்சை விட்டிருப்பீங்க. அந்தப் பிடி அங்க முன்சக்கரத்துல விழுந்துச்சு, மூக்கு லேசா அமுங்கிட்டுப் போயிருக்கும், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

செய்ய வேண்டியது: வளைவு கண்ணுக்குத் தெரியும்போதே, ரோடு நேரா இருக்கிற இடத்துல, பிரேக் பிடிச்சு வேகத்தைக் குறைங்க. அங்கயே ரெண்டாவது. கிளட்ச் ஏறும்போது ஆக்சிலேட்டரை ஒரு சொட்டு தொட்டுக்குங்க, என்ஜின் வேகம் சேந்துக்கும், உதறாது. கிளட்ச் முழுசா மேல வந்தப்புறம்தான் ஸ்டியரிங்கைத் திருப்பணும். வளைவுக்குள்ள காலுக்கு வேலையே இருக்கக் கூடாது. கொண்டை ஊசி வளைவுன்னா மூணாவது கியர் அதுக்கு முந்தின நேர் ரோட்லயே முடிஞ்சிரணும். 17 வளைவுக்கும் இதே பாட்டுதான்.

டீசல்தாசன்
இதுக்கு ஏன் இவ்வளவு? என்ஜின் பிடிக்கிறதாலதான பின்னாடி வழுக்குது. நியூட்ரல்ல விட்டா பிடியே இருக்காது, வழுக்கவும் வழுக்காது. நான் மெட்டுலருந்து கீழ அடிவாரத்துல முந்தல் செக்போஸ்ட் வரைக்கும் அப்படித்தான். டீசலும் மிச்சம்.

ஏலத்தோட்டம்
அண்ணே தயவுசெஞ்சு புதுசா ஓட்டுறவங்களுக்கு இதைச் சொல்லாதீங்க.

லோயர்கேம்ப்
நியூட்ரல்ல விட்டா முழு பாரமும் பிரேக்ல. அவ்வளவு தூர இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா பட்டை சூடாகி, பிரேக் ஆயில் கொதிச்சு, பெடல் பஞ்சாப் போயிரும். குமுளி இறக்கத்துல அந்த வாடை அடிக்காத நாள் உண்டா?

டீசல்தாசன்
லாரிக்கு ஆகும். காருக்கு ஆகாது. இவ்வளவு வருஷத்துல எனக்கு ஆகல.

ஒர்க்‌ஷாப் மணி
ஆகலன்னா உங்க அதிர்ஷ்டம். டீசல் மிச்சம்ங்கறதும் பழைய கதை. இப்ப உள்ள என்ஜின்ல கியர்ல இருந்துக்கிட்டு ஆக்சிலேட்டரை விட்டா, இன்ஜெக்டர் டீசலையே நிறுத்திரும், சக்கரம்தான் என்ஜினைச் சுத்த வைக்கும். நியூட்ரல்ல போட்டா ஐடிலிங்ல ஓடணுமே, அதுக்கு டீசல் குடிக்கும்.

டீசல்தாசன்
என்னோடது பழைய என்ஜின்.

ஒர்க்‌ஷாப் மணி
அப்ப பழைய பிரேக்கும்.

பட்டை ஸ்பிரிங்
சில பேர் என்ஜினையே ஆஃப் பண்ணிட்டு இறங்குறாங்க, அதை என்னன்னு சொல்றது! பிரேக் மிதிக்கிறதை லேசாக்குற பூஸ்டர்ல மிச்சம் இருக்கிற வேக்கம் தீந்தா பெடல் கல்லாயிரும், பவர் ஸ்டியரிங்கும் போயிரும். இருந்தாலும் டிஃபரன்ஷியல் ஆயிலை ஒரு தடவை பாத்துருங்க.

சக்கரவர்த்தி
விவாதம் திசை மாறுகிறது. பூப்பாறை சொன்னதைத்தான் நான் வேறு கோணத்தில் சொன்னேன்: பின்சக்கரத்துக்கு அதிர்ச்சி கொடுக்கக் கூடாது, அது முடுக்கமாக இருந்தாலும் சரி, இழுப்பாக இருந்தாலும் சரி. மேலும், ஜீப் ஏறி வந்தது என்கிறார். குறுகிய மலைச் சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் வழி, இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும். 2017 ஓட்டுநர் ஒழுங்குமுறையிலும் அது இருக்கிறது. யாரும் படிப்பதில்லை.

கம்பத்துக்காரி
ஒருவேளை மறுபடி வழுக்குனா என்ன பண்ணணும்னு யாருமே அந்தப் பொண்ணுக்குச் சொல்லலயே. ஆளாளுக்குச் சண்டை.

பயத்துல பிரேக்கை அமுக்காதப்பா. ஏபிஎஸ் இல்லாத வண்டி, சக்கரம் பூட்டிக்கிட்டா இன்னும் சுத்தும். கிளட்ச் விட்டதால வழுக்குச்சுன்னா, உடனே கிளட்சை மறுபடி முழுசா மிதி. பின்சக்கரம் சுதந்திரமா உருள ஆரம்பிச்சா பிடிமானம் தானா வரும். பின்பக்கம் வலது பக்கம் போனா ஸ்டியரிங்கையும் வலது பக்கம் லேசாத் திருப்பு, இடதுன்னா இடது. கண்ணு பள்ளத்தைப் பாக்கக் கூடாது, நீ போக வேண்டிய ரோட்டைப் பாக்கணும். வண்டி நேரா வந்த உடனே ஸ்டியரிங்கையும் நேராக்கிரு, லேட் பண்ணா மறுபக்கம் வீசும். அந்த ரெண்டாவது வீச்சுலதான் நிறையப் பேரு கவுந்துருக்காங்க.

லோயர்கேம்ப்
காலி கிரவுண்ட்ல தண்ணி ஊத்திப் பழகலாமே.

பூப்பாறை ஜீப்பு
பொலேரோல வேணாம். உயரமான வண்டி. பக்கவாட்டுல வழுக்கிட்டு இருக்கும்போது டயர் திடீர்னு காஞ்ச தரையைப் பிடிச்சா கவுத்துரும். கிரவுண்டுல பழகணும்னா நேரா ஓட்டிக்கிட்டே மூணுலருந்து ரெண்டுக்கு உதறாம கிளட்ச் விடுறதை மட்டும் பழகுங்க. அது கைவந்தா பாதி வேலை முடிஞ்சது.

ஏலத்தோட்டம்
காலியா வரும்போது ரெண்டு மணல் மூட்டையைப் பின்னாடி போட்டுக்கிட்டா?

ஒர்க்‌ஷாப் மணி
பிடிமானம் கூடும், பிரேக் பிடிச்சு நிக்கிற தூரமும் கூடும். கட்டாமப் போட்டா பிரேக் அடிக்கும்போது முதுகுல வந்து விழும். அதுக்குப் பதிலா அந்தப் புது டயர் ரெண்டையும் பின்னாடி மாத்திப் போடுங்க. காசே கிடையாது, ஜாக்கி போட்டாப் போதும்.

டீசல்தாசன்
புது டயர் முன்னாடிதான் போடணும். ஸ்டியரிங் அங்கதான் இருக்கு.

ஒர்க்‌ஷாப் மணி
முன்னாடி வழுக்குனா ஸ்டியரிங் லேசாகும், காலை எடுத்தா சரியாயிரும். பின்னாடி வழுக்குனா சமாளிக்கப் பழக்கம் வேணும். டயர் கம்பெனிக்காரங்களே புதுசு பின்னாடின்னுதான் சொல்றாங்க, முன்சக்கர வண்டிக்கும் சேத்து.

டீசல்தாசன்
டயர் கம்பெனிக்காரன் மெட்டுல ஓட்டியிருக்கானா?

குறிஞ்சி_பயணி
இடையில கேக்குறேன், இன்னோவாலயும் இப்படி ஆகுமா?

லோயர்கேம்ப்
கிரிஸ்டான்னா பின்சக்கரம். ஹைகிராஸ்னா முன்சக்கரம். பேரைப் பாத்து ஏமாற வேணாம். ஆம்னி, ஈகோ கூடப் பின்சக்கரம்தான்.

பூப்பாறை ஜீப்பு
இன்னொண்ணு தங்கச்சி. ஆடில பூப்பாறைல அடைமழை பெய்யும்போது போடி காஞ்சு கிடக்கும். நடுவுல உள்ள வளைவுகள்ல சாரல் விட்டு விட்டு அடிக்கும். காஞ்ச ரோட்டுல புழுதியும் எண்ணெயும் படிஞ்சிருக்கிற இடத்துல முதல் தூறல் விழுற நேரம்தான் மோசம், அடிச்சுப் பெய்ஞ்சு கழுவிட்டா அவ்வளவு இல்ல. மேல ஈரமா இருந்துச்சேன்னு மெதுவா வந்துட்டு, கீழ காஞ்சிருக்குன்னு வேகம் எடுத்துராதீங்க. அடுத்த வளைவு நனைஞ்சிருக்கும்.

சக்கரவர்த்தி
முந்தல்காத்து, டயர் அளவு, காற்று அழுத்தம் இரண்டையும் இன்னும் நீங்கள் சொல்லவில்லை.

பட்டை ஸ்பிரிங்
டிஃபரன்ஷியல் ஆயிலும்.

முந்தல்காத்து
வெள்ளிக்கிழமை போயிட்டு வந்தாச்சு. புது டயரைப் பின்னாடி போட்டாங்க, காத்து செக் பண்ணேன், பின்னாடி ரொம்ப அதிகமா இருந்துச்சாம், மூட்டைக்காக மாமா ஏத்தி வச்சது. நேர் ரோட்லயே ரெண்டு போட்டு இறங்கினேன். மேல நல்ல மழை. ஆடல. பூப்பாறை அண்ணனுக்கும் கம்பத்து அக்காவுக்கும் நன்றி.

ஒர்க்‌ஷாப் மணி
காத்து அதிகம்! அதைத்தான் முதல்லயே டயர்னு சொன்னேன்.

பூப்பாறை ஜீப்பு
சந்தோஷம். மூட்டை ஏத்தும்போது காத்தைக் கூட்டணும், இறக்கிட்டா மேலயே குறைச்சிட்டு இறங்குங்க. வண்டில காத்து அளக்கிற கேஜ் ஒண்ணு வச்சுக்கங்க. எவ்வளவுன்னு டிரைவர் கதவுக்கிட்ட ஸ்டிக்கர் இருக்கும், இல்லன்னா வண்டியோட வந்த புத்தகத்துல இருக்கும்.

டீசல்தாசன்
முன்னாடி இப்ப பழைய டயரா? ஸ்டியரிங் எப்படி இருக்கு? உண்மையைச் சொல்லுங்க.

குறிஞ்சி_பயணி
ஹைகிராஸ்ல மெட்டு ஏறும்போது ஈரத்துல முன்சக்கரம் சுத்துமா? தனியா இழை (புதுப் பதிவு) போடவா, இங்கயே கேக்கவா?

சக்கரவர்த்தி
தனி இழை. மாடல், வருடம், டயர், சுமை, சாலை எழுதவும்.