சர்பத் கடை போர்டுக்கு பாலு தம்பி 2 எழுத்துரு சரிவருமா?

தென்காசிக்காரன்:
மைத்துனர் குற்றாலம் ரோட்டில் சர்பத் கடை போடுகிறார். பெயர் ‘கண்ணன் சர்பத்’. சீசனுக்குள் 8-க்கு 3 அடி பிளெக்ஸ் போர்டு ஏறியாக வேண்டும், கண்ணாடிக் கதவுக்கு வினைல் ஸ்டிக்கரும் உண்டு. கூகுள் ஃபான்ட்ஸில் பாலு தம்பி 2 பார்த்தேன். குண்டு குண்டாக, பார்த்தாலே சிரிப்பு வருகிறது. மைத்துனர் விலைப்பட்டியலையும் அதிலேயே அடிக்கச் சொல்கிறார். காசு ஏதும் கட்ட வேண்டுமா? இன்னொன்று, பிளெக்ஸ் கடை கணினியில் ‘மோர்’ என்று அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி, எழுத்தோடு சேராமல் நிற்கின்றன.

பழைய டிடிபி:
காசு வேண்டாம். மும்பை ஏக் டைப் குழு செய்தது, திறந்த உரிமம். போர்டு, பை, டி-ஷர்ட் எதில் வேண்டுமானாலும் போடலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது.

போர்டுக்கு அருமையாக இருக்கும். கதவுக்குத்தான் யோசிக்க வேண்டும். உங்கள் பெயரிலேயே ‘ண்ண’ இருக்கிறது. இருப்பதிலேயே பெரிய தடிமனான 800-இல் கோடு பருத்து, சுழிக்குள் இருக்கும் வெளி ஊசிக்கண்ணாகிவிடும். 3 அடி போர்டில் அது தெரியாது. 2 அங்குல ஸ்டிக்கரில் வெட்டி உரிக்கும்போது சுழிக்குள் இருக்கும் துணுக்குகள் வராமல் அப்படியே ஒட்டிக்கொள்ளும், ண எது ன எது என்று தேட வேண்டியதுதான். கதவுக்கு 600 போதும். 400 முதல் 800 வரை ஐந்து தடிமன் இருக்கிறது.

அப்புறம், பிளெக்ஸ் கடையில் வெள்ளை அவுட்லைன், அதற்கு மேல் சிவப்பு, அதற்கும் மேல் நிழல் என்று ஏற்றுவார்கள். விடாதீர்கள். புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு ‘சர்பத்’ ‘சரபத’ ஆகிவிடும்.

விலைப்பட்டியலுக்கு வேண்டவே வேண்டாம். இருபது வரியும் சேர்ந்து கத்தும். அதே குழுவின் முக்தா மலர் போடுங்கள். (இந்தக் குண்டு எழுத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரே பார்த்திருக்கிறேன். போனவர் படத்துக்குக் கீழே எழுத்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.)

இலஞ்சி:
மோர் பிரச்சினை எழுத்துருவால் வருவதில்லை. பழைய மென்பொருளுக்கு யூனிகோட் தமிழைக் கோக்கத் தெரியாது. வீட்டில் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் அடித்து, எழுத்தை ‘பாத்’ ஆக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி பிடிஎஃப் கொடுங்கள். பிளெக்ஸ் கடை கணினியில் ஃபான்ட் ஏற்றவே தேவையில்லை. மாற்றுமுன் ஒற்றுப்பிழை பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு தட்டச்சில் திருத்த முடியாது.

சுவரெழுத்து:
எல்லாக் கடையும் இதையே போட்டால் எந்தக் கடை யாருடையது? பெயரை மட்டுமாவது ஒரு பெயின்டரை வைத்து எழுதலாமே.

தென்காசிக்காரன்:
சுவரெழுத்து அண்ணாச்சி, ஆசைதான். சீசன் நெருங்கிவிட்டதே! போர்டுக்கு 800, கதவுக்கு 600, பட்டியலுக்கு முக்தா மலர். மைத்துனரைச் சரிக்கட்டிவிட்டேன். ஆனால் நிழல் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். கொஞ்சமாகவாவது போடலாமா?

பழைய டிடிபி:
ஒரே நிறம், அவுட்லைன் இல்லாமல், கீழ்ப்பக்கம் மட்டும். பிரிண்டுக்கு முன்னால் படத்தைச் சின்னதாக்கிப் புள்ளி தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.