கோட்டோபாக்ஸியில் பாதி வழியில் திரும்பினேன், மறுபடி போக உதவி வேண்டும்

ஈக்வடாரின் கோட்டோபாக்ஸி எரிமலைக்கு (5,897 மீட்டர்) வழிகாட்டியோடு ஒருநாள் பயணம் போனோம். உச்சிக்கு அல்ல, 4,864 மீட்டரில் இருக்கும் ஹோசே ரிவாஸ் தங்குமிடம் வரைதான். அதுவரைகூட என்னால் ஏற முடியவில்லை.

நாங்கள் இருப்பது குவாயாகில், கடல்மட்டத்து ஊர். வெள்ளி மாலை விமானத்தில் கீட்டோ (2,850 மீட்டர்) வந்து ஓர் இரவு தூங்கினோம். சனிக்கிழமை காலை லிம்பியோபுங்கோ ஏரியைச் சுற்றி நடந்தபோது எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. பாராமோ புல்வெளியில் குதிரைக் கூட்டம், பின்னால் பனி மூடிய கூம்பு. அந்தக் காட்சிக்காகவே மறுபடி போக வேண்டும்.

வண்டி நிறுத்துமிடம் சுமார் 4,600 மீட்டர். அங்கிருந்து எரிமலைச் சாம்பல் சரிவில் அரை மணி நேரம் ஏறியதும் மண்டையைப் பிளக்கும் தலைவலி, குமட்டல், அப்புறம் இரண்டு முறை வாந்தி. வழிகாட்டி உடனே கீழே இறக்கிவிட்டார், அது சரியான முடிவு. ஏரிக்கு வந்த ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை.

கோக்கா இலைத் தேநீர், நிறையத் தண்ணீர், பாராசிட்டமால், மெதுவான நடை எல்லாம் பார்த்தாயிற்று. எனக்கு வயது 44. ஆஸ்துமா, இதய நோய் கிடையாது. அடுத்த முறைக்கு மருத்துவர் மலை உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை 125 மில்லிகிராம், தினம் இருவேளை எழுதித் தந்திருக்கிறார்.

அடுத்த மாதம் நான்கு நாள் விடுப்பு இருக்கிறது. கடைசி நாள்தான் ஏற்றம். அதற்கு முந்தைய மூன்று இரவும் கீட்டோவிலேயே தூங்குவதா, இல்லை கடைசி இரவை 3,900 மீட்டரில் இருக்கும் கிலோட்டோவா ஊரில் கழிப்பதா?