எரிவாயு மின் நிலையத்திலும் பாதரசம் வருமா?

அத்திப்பட்டான்:
எங்கள் பக்கத்து அனல்மின் நிலையத்தில், புகையிலுள்ள சாம்பல் தூசியை மின்சாரத்தால் இழுத்துப் பிடிக்கும் ஈ.எஸ்.பி. கருவி நன்றாக ஓடுகிறதாம். அப்படியென்றால் பாதரசமும் அதிலேயே நின்றுவிடாதா? நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்குப் போனால் இந்தத் தொல்லையே இல்லை என்று மச்சான் அடித்துச் சொல்கிறான். உண்மையா?

கரிச்சோதனை:
தம்பி, மச்சான் சொல்வது கிட்டத்தட்ட சரி. அனல்மின் நிலைய லேபில் கரி சோதித்தே ஓய்வு பெற்றவன் நான். ஒரு டன் கரியில் 0.1 கிராம் பாதரசம் என்று வையுங்கள். அற்பம்தான். ஆனால் 500 மெகாவாட் யூனிட் முழு லோடில் ஓடினால் நம் நாட்டுக் கரி நாளைக்கு 8,000 டன் வரை போகும். ஆக, 800 கிராம். கனமான சரக்கு என்பதால் அரை டம்ளர்கூட நிறையாது.

ஈ.எஸ்.பி. பிடிப்பது தூசியை. பாய்லர் சூட்டில் பாதரசம் மொத்தமும் ஆவியாகிவிடும். புகை ஆறும்போது ஒரு பங்கு சாம்பலில் ஒட்டி, ஈ.எஸ்.பி.க்கு அடியிலுள்ள சாம்பல் தொட்டியில் விழும். இன்னொரு பங்கு கரியிலுள்ள குளோரினோடு சேரும். அது தண்ணீரில் கரையும், புகையிலுள்ள கந்தக வாயுவைக் கழுவி நீக்கும் எஃப்.ஜி.டி. இருந்தால் அதன் சுண்ணாம்புக் கரைசலில் மாட்டும். எதோடும் சேராத மிச்சம் இரண்டுக்கும் டிமிக்கி கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காற்றில் சுற்றும். அதைப் பிடிக்க ஆக்டிவேட்டட் கார்பன் தூளைப் புகையில் ஊத வேண்டும். அமெரிக்காவில் பல நிலையங்களில் ஊதுகிறார்கள்.

இங்கே 2015 டிசம்பரில் வந்த பாதரச வரம்பு, ஒரு கன மீட்டர் புகைக்கு 0.03 மில்லிகிராம். 2004க்கு முந்தைய சின்ன யூனிட்டுகளுக்கு, அதாவது 500 மெகாவாட்டுக்குக் கீழே, அதுவும் கிடையாது! பழசுக்குத்தானே முதலில் கடிவாளம் போட்டிருக்க வேண்டும்?

கேஸ்காரன்:
மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். பூமியிலிருந்து வரும் எரிவாயுவிலும் பாதரசம் உண்டு. ஆனால் எரிவாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கும் எல்.என்.ஜி. ஆலையில் அது அலுமினிய வெப்பப் பரிமாற்றியை அரித்துவிடும். 1973இல் அல்ஜீரியாவின் ஸ்கிக்டாவில் அப்படித்தான் ஆனது. அதன்பிறகு கந்தகம் ஏற்றிய ஆக்டிவேட்டட் கார்பன் படுகையில் முன்கூட்டியே வடித்துவிடுகிறார்கள். ஊர் நலனுக்காக இல்லை, சொந்த மெஷினைக் காப்பாற்ற! அதனால் மின் நிலையம் வரை வருவது மிகச் சொற்பம்.

அத்திப்பட்டான்:
சரி சார். வீட்டில் அவள் மாசமாக இருக்கிறாள். மீன் கொடுக்கலாமா?

கரிச்சோதனை:
தாராளமாக. பாதரசத்தைப் பொறுத்தவரை மத்தி, நெத்திலி பயமில்லை. நீரில் இறங்கிய பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசம் என்ற நஞ்சாக மாற்றும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது சேர்ந்துகொண்டே போகும். அதனால் சுறா வேண்டாம். பிள்ளை பிறந்ததும் பால் சுரக்கச் சுறாப்புட்டு என்று மாமியார் கிளம்புவார். அப்போதும் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.