ஃபினாஸ்டரைடு: அடுக்களை மேடையில் சிந்திய தூள்

தலையணை உறையெல்லாம் முடியாகக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து, 31 வயதில் தோல் மருத்துவரிடம் போனேன். தினம் 1 மில்லிகிராம் ஃபினாஸ்டரைடு எழுதிக் கொடுத்தார். செலவு மிச்சமாகுமே என்று, புரோஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்குத் தரும், இதே மருந்தின் 5 மில்லிகிராம் மாத்திரையை வாங்கிச் சவர பிளேடால் நான்காக வெட்டிச் சாப்பிட்டு வந்தேன். அடுக்களை மேடையில் வெள்ளைத் தூள் சிந்தும்.

மனைவிக்கு அப்போது மூன்றாம் மாதம். ஒருநாள் அந்தத் தூளை வெறுங்கையால் வழித்துத் துடைத்துவிட்டாள். அன்று மாலைதான் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்திருந்த காகிதத்தை முதன்முறையாக விரித்தேன். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது என்றிருந்தது. எனக்குக் கை நடுங்கியது.

மகப்பேறு மருத்துவர் பொறுமையாக விளக்கினார். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை, அதைவிட வீரியமான டி.எச்.டி.யாக மாற்றுவது 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி. அந்த நொதியைத்தான் இந்த மருந்து தடுக்கிறது. உச்சந்தலையில் முடியின் வேரைச் சிறுக்க வைக்கும் அதே டி.எச்.டி.தான், கருவில் ஆண் குழந்தையின் பிறப்புறுப்பை உருவாக்குகிறது. டொமினிகன் குடியரசின் சலினாஸ் கிராமத்தில், இந்த நொதி பிறவியிலேயே குறைந்த ஆண் குழந்தைகள் பெண்ணைப் போன்ற தோற்றத்துடன் பிறந்து, பருவ வயதில் ஆண்களாக வளர்ந்ததை 1974இல் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்டது. இந்த மாத்திரைக்கு வித்திட்டதே அந்த ஆய்வுதான் என்றார்.

"ஒருமுறை விரலில் பட்டதற்கு இவ்வளவு பதற வேண்டாம். இனிமேல் வெட்டாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினார். மகன் நலமாகப் பிறந்தான். இப்போது மேலுறை பூசிய 1 மில்லிகிராம் மாத்திரையை முழுதாகவே விழுங்குகிறேன்.

* * *

தம்பி, உங்கள் அனுபவத்தைப் படித்ததும் என்னுடையதையும் எழுதத் தோன்றியது. எனக்கு 52 வயது. ஏழு ஆண்டுகளாக இதே மாத்திரை. முழு உடல் பரிசோதனையில், புரோஸ்டேட் புற்றுநோய் அறிகுறிக்காக ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவு 2.4 என்று வந்தது. இயல்பான அளவுதான் என்று நிம்மதியாக இருந்தேன். சிறுநீரியல் மருத்துவர், "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று இரண்டாம் முறை கேட்டபோதுதான் இது நினைவுக்கு வந்தது. முடிக்குச் சாப்பிடுவதை நான் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஃபினாஸ்டரைடு பி.எஸ்.ஏ.வை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துவிடும், வந்த எண்ணை இரட்டிப்பாக்கித்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அறிக்கையின் ஓரத்தில் 4.8 என்று எழுதி வட்டமிட்டார். அதன்பின் எம்.ஆர்.ஐ., பயாப்ஸி என்று மூன்று வாரம் தூக்கமில்லை. நல்லவேளை, புற்றுநோய் இல்லை. என் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் இப்போது அந்த மாத்திரையின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.