500 வெள்ளிக்குள் சிக்னல் ஜெனரேட்டர்: யூ.எஸ்.பியா, மேசைப் பெட்டியா?

செம்பனைக்காடு:
பத்தாங் பெர்ஜூந்தையிலிருந்து எழுதுகிறேன். (பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, என் வாய்க்குத்தான் இன்னும் வரவில்லை.) பகலில் செம்பனை ஆலையில் வேலை, சாயங்காலம் வீட்டுப் பின்கட்டில் ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர். கோயில் திருவிழா ஹார்ன் செட், கல்யாண மண்டபத்து ஆம்ப், எப்போதாவது ஒரு பழைய வால்வு ரேடியோ. இதுவரை கைப்பேசி ஆப்பில் 1 கிலோஹெர்ட்ஸ் ஊதவிட்டே சமாளித்தேன். இப்போது 500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) சேர்ந்திருக்கிறது. சோதனைக்கு வேண்டிய அலையை உண்டாக்கித் தரும் சிக்னல் ஜெனரேட்டர் ஒன்று வாங்க வேண்டும். மடிக்கணினியில் சொருகி ஓட்டும் யூ.எஸ்.பி ஜெனரேட்டர் வாங்கவா, குமிழும் திரையும் உள்ள மேசைப் பெட்டி வாங்கவா? அலையைத் திரையில் காட்டும் இரண்டு சேனல் ஸ்கோப் ஏற்கெனவே இருக்கிறது.

சாலிடர்புகை:
யோசிக்கவே வேண்டாம், யூ.எஸ்.பிதான். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை தானே ஸ்வீப் போகும் (அதிர்வெண்ணைத் தொடர்ந்து ஏற்றிக்கொண்டே போகும்), விரும்பிய அலையைத் திரையில் வரைந்து அனுப்பலாம். அனலாக் டிஸ்கவரி 2 என்ற யூ.எஸ்.பி கருவி மாதிரி ஒன்றில் 14 பிட் நுணுக்கம், நொடிக்கு 10 கோடி சேம்பிள், இரண்டு சேனல், ஸ்கோப்பும் அதற்குள்ளேயே. அது 500 வெள்ளிக்கு வராதுதான். ஆனால் அந்த வகையில் சின்னது கிடைக்கும்.

தோட்டத்து வயர்மேன்:
தம்பி, பெட்டி மேல் போட்டிருக்கும் மெகாஹெர்ட்ஸைப் பார்த்து ஏமாறாதீர்கள். கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள். சாதாரண யூ.எஸ்.பி 2.0 வாய் தருவது 5 வோல்ட், 500 மில்லியாம்ப். மொத்தம் 2.5 வாட். 50 ஓம் சுமையில் உச்சிக்கு உச்சி 20 வோல்ட் சைன் அலை வேண்டுமென்றால் சுமைக்கு மட்டுமே 1 வாட் போகும். கடைசிக் கட்டத்தின் சூடு, உள்ளே ஓடும் சிப், 5 வோல்ட்டை ஏற்றும் கன்வெர்ட்டர் எல்லாம் மிச்சத்துக்குள் அடங்க வேண்டும். அதனால்தான் யூ.எஸ்.பிக்காரர்கள் பலர் ±2, ±5 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

சாலிடர்புகை:
அண்ணே, கணக்கு சரி. ஆனால் அவருக்கு எதற்கு 20 வோல்ட்? பவர் ஆம்புக்கு 1 வோல்ட் கொடுத்தாலே கத்தும். மைக் வாய்க்கு 5 மில்லிவோல்ட் போதும். அப்புறம், மலிவான மேசைப் பெட்டிகளின் லட்சணத்தையும் சொல்லுங்கள். நான் வாங்கிய ஒன்றில் எர்த் கம்பியே கிடையாது, இரண்டு பின் மட்டும். கேபிள் மாட்டும் பி.என்.சி வாயின் உலோகத்தைத் தொட்டால் விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி சுரீர் என்கும். மீட்டரில் வைத்தால் 240இல் பாதிக்குப் பக்கம் காட்டியது.

தோட்டத்து வயர்மேன்:
பவர் சப்ளை ஃபில்டரின் கெப்பாசிட்டர் வழியாகக் கசிவது அது. மூன்று பின் பிளக் மாட்டி உடம்பை எர்த் பண்ணினால் போய்விடும். ஆனால் எர்த் உங்கள் பக்கம் மட்டும் சொர்க்கமா? மடிக்கணினி சார்ஜர் மூன்று பின் என்றால் அதன் எர்த் யூ.எஸ்.பி உறை வழியாகக் கறுப்பு கிளிப் வரை வரும். ஆம்பும் எர்த், ஸ்கோப்பும் எர்த். வளையம் முடிந்தது, 50 ஹெர்ட்ஸ் ம்ம்ம் என்று இரையும்.

என் கதையையும் கேளுங்கள். போன வருஷம் ஒரு காரின் ஆம்ப். ஸ்கோப்பும் ஜெனரேட்டரும் ஒரே யூ.எஸ்.பி பெட்டியில் உள்ளது, இரண்டுக்கும் கிரவுண்ட் ஒன்று. ஜெனரேட்டரின் கறுப்பு கிளிப் உள்வாய் கிரவுண்டில். ஸ்கோப்பின் கறுப்பு கிளிப்பை ஸ்பீக்கர் மைனஸில் கவ்வினேன். அது பிரிட்ஜ் ஆம்ப், அதாவது ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் சிக்னல் ஓடும், மைனஸ் கிரவுண்ட் இல்லை. டப் என்றது. மடிக்கணினி பேட்டரியில்தான் ஓடியது, அதுவும் காப்பாற்றவில்லை. தப்பு என்னுடையது, பெட்டியுடையது இல்லை.

லயத்துப்பிள்ளை:
அண்ணன்களே, அவர் கேட்ட வால்வு ரேடியோவை இரண்டு பேருமே மறந்துவிட்டீர்கள். ஐ.எஃப் (ரேடியோவின் இடைநிலை அதிர்வெண் கட்டம்) ட்யூன் பண்ண 455 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வேண்டும். பிக்கோஸ்கோப் 2204ஏ என்ற யூ.எஸ்.பி ஸ்கோப்புக்குள் இருக்கும் ஜெனரேட்டர் 100 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். கைப்பேசி 20 கிலோஹெர்ட்ஸையே தாண்டாது. அலை உண்டாக்கும் ஏ.டி.9833 சிப் வைத்த மலிவான பலகை 455க்குத் தாராளமாகப் போகும், 25 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் 0.1 ஹெர்ட்ஸ் அளவுக்கு நுணுக்கமாகவும் நகர்த்தலாம். ஆனால் சிப்பிலிருந்து வருவது 0.6 வோல்ட் சுமார்தான், அளவைக் கூட்டக் குறைக்க வெளியே ஆம்ப் வேண்டும். சதுர அலை விளிம்பும் 40 நானோநொடி முன்பின் ஆடும்.

இன்னொன்று. மைக் வாய்க்கு 5 மில்லிவோல்ட் என்றீர்களே, 14 பிட் பெட்டி 10 வோல்ட் வீச்சை 16,384 படியாக வெட்டுகிறது, ஒரு படி 0.6 மில்லிவோல்ட். உள்ளே அளவைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் இல்லாவிட்டால் உச்சிக்கு உச்சி 10 மில்லிவோல்ட் அலைக்கு 16 படிதான் மிஞ்சும், சைன் அலை மாடிப்படி மாதிரி தெரியும். 10 கிலோ ஓமும் 100 ஓமும் போட்டுப் பிரித்தால் நூறில் ஒன்றாகும். இரண்டு ரெசிஸ்டர், அவ்வளவுதான்.

சாலிடர்புகை:
தங்கச்சி சொன்னது நியாயம். எர்த் பயத்துக்கு, இரண்டு பக்கத்து கிரவுண்டையும் பிரித்துவிடும் யூ.எஸ்.பி ஐசோலேட்டர் போட்டுக்கொள்ளலாமே?

லயத்துப்பிள்ளை:
மலிவான ஐசோலேட்டரில் இருப்பது பெரும்பாலும் ஏ.டி.யூ.எம்.4160 வகை சிப், வேகம் 12 மெகாபிட் மட்டும். 480 மெகாபிட் வேகம் கேட்கும் கருவி அதில் தவிக்கும்.

செம்பனைக்காடு:
ஞாயிற்றுக்கிழமை சோதித்தேன். மடிக்கணினியிலிருந்து ஆடியோ வயரைக் கோயில் ஆம்பில் சொருகி, ஸ்பீக்கரில் காதை வைத்தேன். சார்ஜர் போட்டால் இரைச்சல், பிடுங்கினால் அடங்குகிறது. வயர்மேன் அண்ணன் சொன்னது அப்படியே.

யூ.எஸ்.பியை விட்டுவிட்டு, 5 வோல்ட் அடாப்டரில் ஓடும் இரண்டு சேனல் மேசைப் பெட்டி ஒன்றுக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். பவர் பேங்கிலும் ஓடுமாம், எர்த்தே கிடையாது. மிச்சக் காசுக்கு 10 கிலோ ஓம், 100 ஓம்.

தோட்டத்து வயர்மேன்:
அதிலும் 5 வோல்ட்டை ஏற்றும் கன்வெர்ட்டர் உள்ளேதான் கூவிக்கொண்டிருக்கும் தம்பி. வந்ததும் வெளிவாயை அணைத்துவிட்டு ஸ்கோப்பை 5 மில்லிவோல்ட் கட்டத்தில் வைத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அப்புறம் பேசுவோம்.